விசுவாசம் என்ன விலை?

சிவகாசியில் நாலு பேரை நிறுத்தி, "விசுவாசம்னா என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இளவட்டம், "2019-ல வந்த அஜித் படம்" என்று சொல்லிவிட்டு விசிலும் அடிக்கும். பெரியவர் ஒருவர் திண்ணையில் படுத்திருக்கும் நாயைக் காட்டுவார். முதலாளி, "அதெல்லாம் அந்தக் காலத்து வேலைக்காரங்களோட போச்சு" என்று பெருமூச்சு விடுவார். கக்கத்தில் கறுப்பு அட்டை வேதாகமத்தோடு போகிற நாலாவது ஆள்தான், "அது கர்த்தர் மேல வைக்கிறது தம்பி" என்பார்.

சரி, அவரையே பிடித்துக்கொள்வோம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், கடைசிவரை நிலைத்து நிற்பவை என்று மூன்று குணங்களைச் சொல்கிறார். சி.எஸ்.ஐ. கோயிலில் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995-ம் வருடத் திருவிவிலியத்தில் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. அதாவது, இவர் வீட்டு நம்பிக்கைக்கு அவர் வீட்டில் பெயர் எதிர்நோக்கு! நல்லவேளை, மூன்றாவதான அன்பில் இரண்டு பேரும் கைவைக்கவில்லை. சம்பந்தம் பண்ணிக்கொள்கிறவர்கள் அந்த மூன்றாவதை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் படித்தது பி.காம். வேதசாஸ்திரத்தில் என் ஞானம் பூஜ்யம். ஆனால் லெட்ஜரில் தினமும் எழுதுகிற 'கிரெடிட்' என்ற வார்த்தைக்கும், கோயிலில் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்துக்கும் பூர்வீகம் ஒன்றுதான். லத்தீனில் அந்தப் பிரமாணம் 'கிரேடோ' என்று தொடங்கும். கடன் பிறந்த வீடும் அதே வீடுதான்.

இதை ஒரு பட்டாசு வியாபாரி அண்ணாச்சியிடம் சொன்னேன். சாமி விஷயத்தில் அவர் பத்ரகாளியம்மன் கட்சி. ஆனாலும் டக்கென்று பிடித்துக்கொண்டார். "பீகார்ல ஒரு பார்ட்டி இருக்காரு தம்பி. அவரு இருக்காரா இல்லையான்னு எனக்குச் சந்தேகமே கிடையாது. போன்ல தினம் பேசுறாரு. ஆனா பணம் தீபாவளி கழிச்சுத்தான் வரும். இப்ப லாரியில சரக்கை ஏத்தலாமா, வேண்டாமா? அதுதான் கேள்வி."

ஆயிரம் பிரசங்கம் கேட்டாலும் இவ்வளவு தெளிவாக விளங்காது. பைபிளில் யாக்கோபு என்பவர் எழுதிய சின்ன நிருபம் ஒன்று உண்டு. கடவுள் இருக்கிறார் என்பது பேய்களுக்கும் தெரிந்த சமாசாரம்தானே, அதில் உனக்கென்ன பெருமை என்று அவர் கிண்டலாகவே கேட்கிறார். பார்ட்டி உண்டு என்று ஒப்புக்கொள்வது ஒரு காரியம். அவரை நம்பி லாரியில் சரக்கு ஏற்றுவது வேறே காரியம். கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்று சொல்ல வேண்டியது இந்த இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதலாவதோடு நிறுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அது அவர்களுக்கும் போதகருக்கும் உள்ள விவகாரம்.

ஆனால் இந்தச் சீமையில் விசுவாசத்துக்கு ஒரு போலியும் உண்டு. அதன் பெயர், 'கடவுள் பார்த்துக்குவார்'.

பட்டாசுக் கம்பெனிக்குள் போயிருக்கிறீர்களா? தள்ளித் தள்ளி சின்னச் சின்ன அறைகள். ஒரு அறைக்கு நாலு ஆளுக்கு மேல் கூடாது. வாசலில் தண்ணீர், மணல். உடம்பில் பருத்தித் துணிதான் இருக்க வேண்டும், நைலான் ஆகாது. செல்போன் கேட்டோடு சரி. மருந்து கலக்கிற வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அதைத் தரையில் போட்டு இழுக்கக் கூடாது, உரசக் கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ செத்த கதை இருக்கிறது.

தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். மரத்தடியிலும் வேலை நடக்கும். கேட்டால், "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே, சாமி இருக்காரு" என்று பதில் வரும். எந்தச் சாமி என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கலாம்; பதிலில் மட்டும் கிடையாது.

இயேசுவிடம் இதே வாதத்தை ஒருவன் வைத்தான். தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். அதற்கு வேத வசனத்தையே ஆதாரமாகவும் காட்டினான். இயேசு குதிக்கவில்லை, கடவுளைச் சோதித்துப் பார்ப்பது தப்பு என்று சொல்லிவிட்டார். குதிக்கச் சொன்னவன் யார் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எட்டுப் பேரை ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டு ஜெபம் பண்ணுகிறவர், தான் யாருடைய வசனத்தைப் பேசுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. முப்பது பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்கள், என்ன ஏது என்று பார்க்கப் போனவர்கள் என்று வெளியாட்களும் நிறையப் பேர் அதில் உண்டு. அந்த வேலையில் இல்லாதவன் அடுத்தவனைத் தூக்க ஓடிச் செத்தானே, இதற்கு விசுவாசம் என்ன பதில் வைத்திருக்கிறது? ரெடிமேடாகப் பதில் சொல்கிறவர் வந்தால் நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

வெடிவிபத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவைத் தெரியும். சித்தி என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "கோபமே வரலையா சித்தி?" என்று கேட்டேன்.

"வராம என்னடா? ரெண்டு வருஷம் கோயில் பக்கமே போகலை. அடுப்படியில நின்னுக்கிட்டே அவரோட சண்டை போடுவேன். ஏன் எடுத்தீருன்னு கேட்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒருநாள் எனக்கே தோணுச்சு. ஆளே இல்லைன்னா இத்தனை நாளா யார் கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்?"

பதில் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கிடைத்த மாதிரித் தெரியவில்லை. பைபிளில் யோபு கேட்டதும் இந்தக் கேள்விதான். சிலுவையில் தொங்கியபடி, தான் கைவிடப்பட்டதற்குக் காரணம் கேட்டவரும் நாத்திகர் இல்லை. சண்டைக்கும் அந்த லெட்ஜரில் ஒரு பக்கம் இருக்கிறது.

சித்தி இன்றைக்கும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார். கோயில் காணிக்கைக்கு. விருதுநகர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, வீடு வீடாக வாங்கிய பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்தானே. சாமி வேறே; பிடி ஒன்றுதான்.

இதே சிவகாசியில் பெரிய சரக்கை ஏற்றிவிட்டு, வசூலைப் பார்க்காமலே போன ஒரு மனிதர் உண்டு. தாமஸ் கஜேத்தன் ராக்லண்ட். 1815-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்து, 1841-ல் நாலாவது இடத்தில் தேறியவர். சி.எம்.எஸ். மிஷனுக்காகச் சென்னைக்கு வந்து, அங்கே செயலாளராக மேஜை நாற்காலியோடு இருந்தார். அதை விட்டுவிட்டு, 1854-ல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வட திருநெல்வேலிக் கிராமங்களுக்குக் கிளம்பினார். விருதுநகரும் சாத்தூரும் சிவகாசியும் இருக்கிற இந்தக் கரிசல் காடுதான். அப்போது இங்கே பட்டாசு இல்லை, தீப்பெட்டியும் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வருவதற்கு இன்னும் எழுபது வருஷம் பாக்கி. இருந்தது வெயிலும் புழுதியும்.

ராக்லண்டுக்கு நெஞ்சு நோய். கூட வந்தவர்கள் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு பேர். வெள்ளைக்காரர்கள் மட்டுமே நடந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பிவைத்தன. ஒரு ஊரில் கூடாரம், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடை, பிறகு கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊர். நாலு வருஷம் இப்படியே போயிற்று. பெரிய அறுவடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கணக்கில் புலியான அந்த மனுஷருக்கு இந்த ஐந்தொகை புரியாமலா இருந்திருக்கும்? டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் 1922-ல் அவர் கதையைப் புத்தகமாக எழுதினார். அதற்குள் அறுபத்து நாலு வருஷம் ஓடியிருந்தது.

1858 அக்டோபர் 22-ம் தேதி ராக்லண்ட் சிவகாசியில் காலமானார். வயது நாற்பத்து மூன்று. ஃபென்னும் மெடோசும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.