ஐரோலி: விலைப்பட்டியலில் இடம்பெறாத ஊர்

நவி மும்பையின் வடமுனையில், தாணே கழிமுகத்தை ஒட்டி அமைந்திருக்கிறது ஐரோலி. வீட்டுமனை விளம்பரங்கள் சொல்லும் ஐரோலியின் வரலாறு மூன்று நிகழ்வுகளில் முடிந்துவிடுகிறது. 1999இல் கழிமுகத்தைக் கடந்து முலுண்டுக்குப் பாலம் வந்தது. 2004இல் தாணே–வாஷி இருப்புப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. வீட்டின் விலையை விளக்க இவை போதும். ஊரை விளக்கப் போதா.

1970இல் சிட்கோ நிறுவப்பட்டபோது, 95 கிராமங்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர் பரப்பு புதிய நகருக்கென ஒதுக்கப்பட்டது. ஐரோலி, திவா, ரபாளே, கோட்டிவலி ஆகிய ஊர்களில் வாழ்ந்த ஆக்ரி, கோலி மக்களுக்கு நெல்வயலும் உப்பளமும் மீன்பிடிப்புமே வாழ்வாதாரம். நிலம் அரசுக்குப் போயிற்று. எஞ்சியது குடியிருப்பு நத்தம் மட்டுமே. மராத்தியில் அதனைக் 'காவ்டாண்' என்பர். இழப்பீட்டுக்காக டி. பா. பாட்டீல் தலைமையில் 1984இல் ஜாசாயில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து ஐவர் உயிரிழந்தனர். கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை வளர்ச்சி பெற்ற மனையாகத் திருப்பித் தரும் திட்டம் அதன் பின்னரே உருவாயிற்று.

இதற்கிடையே குடும்பங்கள் பெருகின. நத்தத்தின் எல்லை அதற்கேற்ப விரியவில்லை. மேற்கே அலையாத்திக் காடு, கிழக்கே தொழிற்பேட்டை. எனவே மக்கள் இருந்த இடத்திலேயே மாடிமேல் மாடியாகக் கட்டினர். அவ்வீடுகளே இன்று ஆவணங்களில் 'அங்கீகாரமற்ற கட்டுமானம்' என்று பெயர் பெற்றிருக்கின்றன.

இங்கே ஒரு முரண் உண்டு. திட்டமிட்ட செக்டர்களில் அடுக்ககம் வாங்கியவர்க்கும் நிலம் முழு உரிமையாகத் தரப்படவில்லை. அது சிட்கோவின் 60 ஆண்டுக் குத்தகையாகவே வழங்கப்பட்டது. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் குத்தகைதாரர் சட்டபூர்வமான குடியிருப்பாளர். நிலத்தை இழந்தவரோ தம் ஊரிலேயே விதிமீறியவர்.

காவ்டாண் வீடுகளை அகற்றிவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்று வாதிடுவோர் ஒன்றை மறக்கின்றனர். வளாகங்களின் காவலரும், துப்புரவுப் பணியாளரும், வீட்டுவேலை செய்யும் பெண்களும் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பது பெரும்பாலும் இத்தகைய வீடுகளில்தான். திட்டமிட்ட நகரம் தன் உழைப்பாளர்க்கு இடம் ஒதுக்க மறந்தது. அக்குறையைத் திட்டத்துக்கு வெளியே நின்ற ஊர் நிரப்பியது.

இதனால் கட்டட உறுதியும் தீயணைப்பு வண்டி நுழையும் வழியும் முக்கியமல்ல என்று ஆகிவிடாது. குறுகிய சந்துகளின் ஆபத்து உண்மையானது. ஆயினும் உரிமை நிச்சயமில்லாதவர் கட்டடத்தைப் பலப்படுத்தப் பணம் போடமாட்டார். வங்கியும் அவருக்குக் கடன் தராது. ஆகவே அளவீடு முதலிலும் பாதுகாப்புச் சீரமைப்பு அதன் பின்னும் வரவேண்டும். தமிழ்நாட்டில் நத்தம் நிலங்களை வீடுவாரியாக அளந்து பட்டா வழங்கிய அனுபவம், இது செய்யக்கூடிய காரியம் என்பதைக் காட்டுகிறது.

புறநகர் ஆய்வுகளும் தம் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். சதுர அடி விலையை மட்டும் கொண்டு ஐரோலியை வரைந்தால், விற்பனைக்கு வராத வீடுகளும் அவற்றில் வாழ்வோரும் தரவிலிருந்தே மறைந்துவிடுவர். தரவில் இல்லாதவரைத் திட்டத்திலிருந்து நீக்குவது எளிது.