நம்பர் சொல்லுங்க!

அரைக் கிலோ துவரம் பருப்பை எடுத்துக்கொண்டு போனால், பில் கவுன்ட்டரில் முதல் கேள்வி: "மொபைல் நம்பர் சொல்லுங்க!"

அந்தக் காலத்து அண்ணாச்சி கடையில் நோட்டில் 'டீச்சர் வீடு' என்று எழுதினாலே போதும். கடன் கொடுத்தவரே நம்பர் கேட்கவில்லை. இப்போது ரொக்கம் கொடுப்பவரிடம் கேட்கிறார்கள்!

"எதுக்கும்மா நம்பர்?" என்றால், "சிஸ்டம் எடுக்காது சார்" என்று பதில் வரும். பாவம், அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன பயன்? பின்னால் நிற்பவர்கள் வேறு முறைக்கிறார்கள். பத்து எண்ணையும் உரக்க ஒப்பித்தால், வரிசைக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

அப்புறம் என்ன? ஆடித் தள்ளுபடி, கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று போன் ஓயாது. பிள்ளைகள் மறந்தாலும், துணிக்கடை தவறாமல் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். சில கில்லாடிக் கணவர்கள் மனைவியின் நம்பரைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். அவர்கள் வீடு போய்ச் சேருமுன், எந்தக் கடையில் எவ்வளவு செலவு என்ற மெசேஜ் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இத்தனைக்கும், நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. மீறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சண்டையெல்லாம் வேண்டாம். "நம்பர் இல்லாம போடும்மா" என்று சிரித்தபடி ஒரு நிமிடம் நின்றால் போதும். பத்து சைபரைத் தட்டுவார்கள். எடுக்காத சிஸ்டம் சமர்த்தாக எடுத்துக்கொள்ளும்!