எல்லாம் கேஸ்தான் சார்!

எங்கள் பூங்காவில் காலை நடை முடிந்ததும் சிமென்ட் பெஞ்சில் உட்காருகிற கூட்டம் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். கொஞ்சம் அரசியல், கொஞ்சம் பென்ஷன், கொஞ்சம் பேரப்பிள்ளைகள் என்று பேசிவிட்டு, எப்படியும் பேச்சு வயிற்றில் வந்து நிற்கும். ஒருவருக்கு முதுகில் பிடிப்பு, கேஸ். இன்னொருவருக்குத் தலை கிறுகிறுப்பு, அதுவும் கேஸ். முழங்கால் வலிக்குக்கூட "வாயு இறங்கிடுச்சு" என்று ஒருவர் காரணம் சொன்னார். போன வாரம் எங்களில் மூத்தவர் நெஞ்சுக்குக் கீழே தடவிக்கொண்டே, "ராத்திரி பூரா இங்க அடைச்ச மாதிரி இருந்துச்சு சார். இப்பவும் லேசா இருக்கு. எல்லாம் கேஸ்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் மகனுக்குப் போன் போட்டு வரவழைத்து, ஈசிஜி எடுக்க அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களிடம் அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2011-இல் ஒரு கல்யாணம். என்னோடு ஒரே பள்ளியில் இருபது வருஷம் வேலை பார்த்த ஓவிய ஆசிரியரும் நானும் சேர்ந்து போயிருந்தோம். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஆனாலும் அன்றைக்கு இரண்டு தடவை பாயசம் வாங்கினார். சாப்பிட்டு அரை மணி நேரம் இருக்கும். பந்தலின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேல்வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "என்ன சார்?" என்றேன். "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் அதிகமாயிடுச்சு. கேஸ்" என்றார். நான் ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கி வந்தேன். குடித்தார். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். "இப்பத் தேவலை" என்றார். எனக்கு ஒரே பெருமை. பஸ்ஸில் கூடவே வந்து அவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். விடியற்காலை நாலரைக்குப் போன் வந்தது. மாரடைப்பு. அது மத்தியானமே தொடங்கியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

சோடா வாங்கிக் கொடுத்தவன் உயிரியல் வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சீரண மண்டலம் நடத்தியவன்.

எப்படி நடத்தினேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லுவேன். வாய், அதிலிருந்து கீழே இறங்கும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உணவுக்குழாய், இரைப்பை, சுருண்டு கிடக்கும் ஆறு மீட்டர்ச் சிறுகுடல், அதைச் சட்டம் போட்டாற்போலச் சுற்றி நிற்கும் ஒன்றரை மீட்டர்ப் பெருங்குடல். வெள்ளைத்தாளின் நடுவில் இது மட்டும் தனியாகத் தொங்கும். மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது கேள்வித்தாளில் வராது. ஆகவே எங்கள் படத்திலும் வராது.

ஆனால் ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பிளாஸ்டர் மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இரைப்பை நாம் தொட்டுக் காட்டுகிற மாதிரி தொப்புள் பக்கத்தில் இல்லை. இடதுபுற விலா எலும்புகளுக்குள்ளே, உதரவிதானத்தை ஒட்டி, நன்றாக மேலேயே இருக்கிறது. அந்த உதரவிதானம் சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தசைத் தட்டு. அதன் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பது இதயம். இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய கூரை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டில் தண்ணீர் ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் சுவரில் கறை தெரியும் அல்லவா?

இது போதாதென்று நரம்புகள் வேறு. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் இரைப்பையின் மேற்பகுதியிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடங்களில் போய்ச் சேருகின்றன. கையில் முள் குத்தினால் எந்த விரல், எந்தப் பக்கம் என்று மூளை துல்லியமாகச் சொல்லிவிடும். உள்ளுறுப்பு வலிக்கு அதனிடம் சரியான விலாசம் கிடையாது. அதனால்தான் மாரடைப்பு சிலருக்குத் தாடையில் வலிக்கிறது, சிலருக்கு இடது கையில், சிலருக்கு மேல்வயிற்றில். இதயத்தின் அடிப்பக்கச் சுவர், அதாவது உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கும் பக்கம், பாதிக்கப்பட்டால் குமட்டலும் வாந்தியும் மேல்வயிற்று அழுத்தமும் வருவது சகஜம். சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி வராமலே போகலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், இன்னதென்று சொல்ல முடியாத அசதி, 'அஜீரணம் மாதிரி'. அவ்வளவுதான் அறிகுறி. எங்கள் ஓவிய ஆசிரியருக்கு வந்ததும் அவ்வளவுதான்.

அப்படியானால் உண்மையான கேஸ் எங்கே இருக்கிறது? இரைப்பையில் இருப்பது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று. பேசிக்கொண்டே சாப்பிட்டால், அவசரமாக விழுங்கினால், சோடா குடித்தால் சேரும், ஏப்பமாகத் திரும்பிவிடும். நான் வாங்கிக் கொடுத்த சோடாவே அந்த ஏப்பத்தைக் கொண்டு போயிருக்கும்! மற்றது பெருங்குடலில் பிறக்கிறது. பருப்பு, மொச்சை, கொண்டைக்கடலை இவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும்போது அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை புளிக்கவைத்து ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலர் வயிற்றில் மீத்தேனும் உண்டாக்குகின்றன. ஆரோக்கியமான மனிதர் ஒரு நாளைக்குப் பத்து முதல் இருபது தடவை காற்றுப் பிரிவது இயல்பு. இந்த இடத்தில் எந்த வருஷமும் வகுப்பு அடங்கியதில்லை.

இந்தக் காற்றுக்கு வாசல் இரண்டுதான், மேலே ஒன்று, கீழே ஒன்று. சிறிதளவு இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறும். குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு தோள்பட்டைக்கோ முழங்காலுக்கோ நடந்து போக அதற்கு வழியில்லை. சித்த வைத்தியத்தில் சொல்லும் வாதம் வேறு விஷயம். அது உடலின் இயக்கத்தைப் பற்றிய ஒரு கருத்து. குடலில் பொருமும் காற்றல்ல. நாம்தான் இரண்டையும் போட்டுக் குழப்பி, நடுவில் ஆங்கில 'கேஸை'யும் சேர்த்துவிட்டோம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் இடது மேல்மூலையில் வளைந்து திரும்பும் இடத்தில் காற்று அடைத்துக்கொண்டால் இடது விலாவுக்கடியில் நிஜமாகவே வலிக்கும். இதய வலியோ என்று பயமுறுத்தும். ஆகவே 'கேஸ்' என்பது எப்போதும் பொய்யும் அல்ல. சங்கடமே அதுதான். உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்போது நாமே நீதிபதியாகி எப்படித் தீர்ப்பெழுதுவது? ஏப்பம் வந்து தேவலையானால் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வயிற்றெரிச்சல் மருந்து குடித்து வலி குறைந்தாலும் அர்த்தமில்லை.

இந்த ஒற்றைச் சொல் செய்யும் இன்னொரு வேலை, மருந்துக்கடையில். "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்கிறோம். பேன்டோபிரசோலோ ஒமிப்ரசோலோ கைக்கு வருகிறது. அது காற்றை ஒன்றும் செய்யாது. இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கிற மருந்து அது. புண்ணுக்கும், அமிலம் மேலேறி வரும் தொல்லைக்கும் அருமையான மருந்து. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளைத் தினமும் சாப்பிடும் சிலருக்கு டாக்டரே யோசித்துத்தான் அதைச் சேர்த்து எழுதுகிறார். அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். நான் சொல்வது எட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை இன்றைக்கும் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருப்பவர்களை. எங்கள் பெஞ்சிலேயே மூன்று பேர்.

அந்த அமிலம் வீணுக்குச் சுரக்கவில்லை. ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் இரைப்பை நீர், புரதத்தை உடைக்கவும் சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்லவும்தான். உணவிலுள்ள பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்கவும் அமிலம் வேண்டும். வருஷக்கணக்கில் அதை அடைத்து வைத்தால் சிலருக்குப் பி12 குறைகிறது. காலில் மதமதப்பு, மறதி, தள்ளாட்டம் வரும். நாமோ 'வயசாயிடுச்சு' என்று இன்னொரு ஒற்றைச் சொல்லில் மூடிவிடுவோம். மெக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இலேயே எச்சரித்தது. இதைவிட எனக்குப் பயம், எரிச்சல் அடங்கிவிடுவதால் உள்ளே இருப்பது தெரியாமல் போவது. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் மாதிரிக் கறுத்துப்போவது, இவை எதுவும் கேஸ் அல்ல. இவற்றுக்கு எண்டோஸ்கோப்பி வேண்டியிருக்கும், மாத்திரை அட்டை அல்ல.

டாக்டர்களுக்கும் இந்த வியாதி இருந்ததுதான். வயிற்றுப்புண் என்றால் கவலை, காரம், அமிலம் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர், அது பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவின் வேலை என்றார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கவலையைக் குறை, காரத்தைக் குறை என்று அறிவுரை வாங்கிக்கொண்டு புண்ணோடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே என் கட்சி இதுதான். 'கேஸ்' என்ற சொல்லை டாக்டரிடம் போகும்போதாவது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, சாப்பிட்டால் கூடுகிறதா, வியர்த்ததா என்று சொல்லுவோம். 'கேஸ் டிரபிள் டாக்டர்' என்று நாமே நோயைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தால், வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது அவரும் அதையே எழுதிவிடக்கூடும்.

ஒவ்வொரு ஏப்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மொச்சைக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் வயிறு பொருமினால் ஓமத் தண்ணியோ பெருங்காய மோரோ குடியுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அறுபது தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவருக்கு, மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ புதிதாக ஓர் அழுத்தம் வந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நின்றால், கூடவே வியர்வையோ மூச்சு வாங்கலோ இருந்தால், சோடாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மருந்துகளை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின். கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். 2011-இல் எனக்கு அந்த வசதி தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அன்றைக்கு நான் அந்தப் பக்கம் நினைக்கவே இல்லை.

பெஞ்சுப் பெரியவரைக் கேட்பீர்கள். அவரை இரண்டு தடவை ஈசிஜி எடுத்து, இரத்தப் பரிசோதனையும் செய்து, சாயந்திரம் வரை உட்கார வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்களாம். இதயத்தில் கோளாறு இல்லை. மறுநாள் காலை பூங்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "கேஸ்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு! உங்களால ஒரு நாள் பூரா வீணாப்போச்சு சார், ரூபாயும் தண்டம்!" என்று எல்லோரும் கேட்கும்படி சத்தம் போட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் டீ என் செலவு.