சரக்கு பத்திரமா வந்துடுச்சு... கொண்டுவந்த டிரைவர் பத்திரமா?

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பிச்சா, குற்றாலத்துல எல்லாமே வேகம் எடுக்கும். அருவிக்கரையில் கூட்டம், ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், சுடச்சுட சிப்ஸ், செங்கோட்டை பக்கம் பார்டர் புரோட்டா. நாம போறோம், குளிக்கிறோம், சாப்பிடுறோம், ரீல்ஸ் போடுறோம். ஆனா, அந்த புரோட்டாவுக்கான மைதா மூட்டையும், டீக்கடை சிலிண்டரும், தண்ணி கேனும் அருவி மாதிரி தானா இறங்கி வர்றதில்லை. நாம தூங்கி எழறதுக்கு முன்னாடியே, ஏதோ ஒரு குட்டி யானை அதையெல்லாம் இறக்கிப் போட்டுட்டுப் போயிருக்கும்.

அந்த வண்டியோட டிரைவருக்கு, சரக்கு இறக்கும்போது கடை வாசல்ல அடிபட்டா யார் பொறுப்பு? சிம்பிளான கேள்விதான். ஆனா பதில் அவ்வளவு சிம்பிளா இல்லை.

இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் ஆபத்து

டிரைவர் பாதுகாப்புன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது ஹெல்மெட், சீட் பெல்ட், ஓவர் ஸ்பீடு. எல்லாமே ரோடு சம்பந்தப்பட்டது. சரக்கு வண்டி டிரைவருக்கோ பாதி ரிஸ்க் கடை வாசலுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்குது.

முதல் ரிஸ்க், ரிவர்ஸ். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி, வேலை இடங்களில் வாகனங்களால் ஏற்படும் மரணங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒண்ணு வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்குது. தென்காசியில் காசி விஸ்வநாதர் கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களை யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் டூவீலர் வரிசை. திருப்ப இடம் இல்லாத தெருவுக்குள்ள போன வண்டி, பின்னாடியே தான் வெளிய வரணும். லோடு உயரமா இருந்தா உள் கண்ணாடியில் எதுவும் தெரியாது. பின்னாடி நின்னு `வரலாம், வரலாம்'னு சொல்ல கிளீனரும் பெரும்பாலும் கிடையாது. டிரைவர், லோடுமேன், பில் வசூல் எல்லாமே ஒரே ஆள்தான்.

ரெண்டாவது, எடை. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. வயது வந்த ஓர் ஆண் கையால் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செஞ்சிருக்கு. அதாவது, ஒரே மூட்டை கிட்டத்தட்ட எல்லைக்கோட்டைத் தொட்டுடுது. வீட்டு உபயோக சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோன்னாலும், இரும்போட சேர்த்தா சுமார் 30 கிலோ. இதைத் தூக்கிக்கிட்டு வெளிச்சமே இல்லாத மாடிப்படியில் குடோனுக்கு ஏறணும். ஒரு தடவை ஏறுனா எக்சர்சைஸ். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறுனா, நாற்பது வயசுக்குள்ள முதுகு போயிடும்.

மூணாவது, குற்றாலத்துக்கே உரிய பிரச்னை: ஈரமும் சரிவும். சீசன்ல தரை காயறதே இல்லை. கடை வாசல் டைல்ஸ் மேல ஈரக்காலோட மூட்டையைச் சுமந்து நடக்கறது எப்படி இருக்கும்? சரிவான ரோட்டில் வெறும் ஹேண்ட்பிரேக்கை நம்பி நிறுத்திட்டு, வண்டிக்குப் பின்னாடி நின்னு சரக்கு இறக்கறதும் அதே மாதிரிதான். எத்தனை பேர் சக்கரத்துக்குக் கட்டை போடுறாங்க?

இதோட நெருக்கடியும் சேரும்போது நிலைமை இன்னும் மோசம். 2023 ஆகஸ்ட்டில் குற்றாலநாதர் கோயில் பக்கம் இருந்த தற்காலிகக் கடைகளில் தீப்பிடிச்சது ஞாபகம் இருக்கலாம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற சீசன் கடைகளுக்கு நடுவுலதான் சிலிண்டரும் எண்ணெய் டின்னும் இறங்குது. வாடிக்கையாளர் வந்து போக வழி பார்க்கிற நாம, சரக்கு கொண்டுவர்ற ஆள் அவசரத்துக்கு வெளியேற வழி இருக்கான்னு பார்க்கிறதில்லை.

``அவர் உங்க ஆளு'' - ``நடந்தது உங்க கடை''

கடை வாசல்ல மூணு தரப்பு இருக்கு. சரக்கு அனுப்புற ஏஜென்சி, வாங்குற கடைக்கார அண்ணாச்சி, நடுவுல டிரைவர். டிரைவர் வழுக்கி விழுந்து கை உடைஞ்சா, `அவர் ஏஜென்சி ஆளு'ன்னு கடை சொல்லும். `நடந்தது கடையில'ன்னு ஏஜென்சி சொல்லும். வண்டி அவரோட சொந்த வண்டியா இருந்தா இன்னும் வசதி. `நாங்க வாடகைதானே கொடுக்கிறோம்'னு ரெண்டு பேருமே கையை விரிச்சிடலாம்.

அதே டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது அடிபட்டு இறந்துட்டா, கேஸ் நேரா அவர் மேலதான். கவனக்குறைவால் மரணம் விளைவிச்சா, பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 வருஷம் சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுப்படி அது 5 வருஷம் வரை. வண்டி நிறுத்த இடம் கொடுக்காத கடையோ, கிளீனர் அனுப்பாத ஏஜென்சியோ பெரும்பாலும் அந்த எஃப்.ஐ.ஆர்-க்குள்ள வர்றதே இல்லை. அவர் அடிபட்டா பொறுப்பு யாருக்கும் இல்லை. அவரால் அடிபட்டா முழுப் பொறுப்பும் அவருக்கு!

சட்டம் எங்கே நிக்குது?

ஆப் டெலிவரி ஊழியர்களைப் பற்றி இன்னிக்கு நிறைய பேசறோம். நல்ல விஷயம்தான். தமிழ்நாடு அரசு 2023-ல் அவங்களுக்குத் தனி நலவாரியம் அமைச்சது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியமும், சென்னை, கோவையில் ஓய்வுக்கூடங்களும் அறிவிச்சாங்க. ஆனா, பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி ஏத்திக்கிட்டு குற்றாலம் ஹோட்டலுக்கு வர்ற டிரைவருக்கு ஆப் கிடையாது. அவருக்கு வேலை வர்றது போன் கால்ல. அதனால் இந்தப் பட்டியல்ல அவர் இல்லை.

2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்துத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தென்காசி ஜவுளிக்கடையில் நிக்கிற அக்காவுக்கு அது பொருந்தும். அதே கடையில் பில் செட்டில் ஆகறதுக்காக ஒரு மணி நேரம் காத்துக்கிடக்கிற டிரைவருக்குப் பொருந்தாது. ஏன்னா, அவர் அந்தக் கடையோட ஊழியர் இல்லை.

2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. அதில் பணியிடப் பாதுகாப்புக்கான தொகுப்பில் முக்கியமான ஒரு வரி இருக்கு. தன் பணியிடத்தில் இருக்கும் நபர்களின் பாதுகாப்புக்கு, அவங்க அங்க இருக்கறது தனக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும், முதலாளியே பொறுப்பு. ஊழியர்னு இல்லை, `நபர்கள்'. அப்போ சரக்கு இறக்க வந்த டிரைவரும் அதுக்குள்ள வரணும்.

ஆனா, ஒரு முட்டுக்கட்டை. இந்தத் தொகுப்பு பொதுவா 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். பெரிய ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் மாட்டும். ரெண்டு பேர் நிக்கிற மளிகைக்கடையும் மூணு மாசம் போடுற சீசன் கடையும் தப்பிச்சிடும். அதாவது, படி உடைஞ்சு, வாசல் வழுக்கி, இடமே இல்லாத கடைகள்தான் சட்டத்துக்கு வெளிய நிக்குது.

மத்த ஊர்ல எப்படி?

பிரிட்டனில் அனுப்புறவர், கொண்டுபோறவர், வாங்குறவர் மூணு பேரும் முன்கூட்டியே பேசிக்கணும்னு வழிகாட்டுதல் இருக்கு. எந்த வழியா வரணும், எங்க நிறுத்தணும், யார் இறக்கணும்னு எல்லாமே வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவாகணும். சரக்கு கொண்டுவர்ற டிரைவருக்குக் கடையின் கழிவறையைத் திறந்துவிடறதும் அங்க கட்டாயம். நியூயார்க் நகரத்தில் 2022 முதல், ஆர்டர் எடுக்க வர்ற டெலிவரி ஊழியர்களுக்கு உணவகங்கள் கழிவறையைத் தரணும்னு சட்டமே இருக்கு. நம்ம ஊர்ல `பாத்ரூம் போகணும் அண்ணாச்சி'ன்னு கேட்கவே டிரைவர் கூச்சப்படறார்.

காசே இல்லாம செய்யக்கூடியவை

`சின்னக் கடை, இதுக்கெல்லாம் எங்க போக?'ன்னு அண்ணாச்சிகள் கேட்டா, அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனா, செய்ய வேண்டியதில் முக்கால்வாசிக்குச் செலவே இல்லை.

* கடைக்காரர்: வண்டி ரிவர்ஸ் வரும்போது கடைப்பையன் ஒருத்தர் பின்னாடி நின்னு பார்க்கட்டும். குடோன் படியில் ஒரு பல்பு, ஈரமான வாசல்ல ஒரு சாக்கு, பாரம் தள்ள ஒரு டிராலி. கழிவறைச் சாவி, ஒரு செம்பு தண்ணி.
* ஏஜென்சி: இறக்கறது யார் வேலைன்னு பில்லிலேயே எழுதுங்க. பாரம் அதிகம்னா இறக்குக்கூலியோட இன்னோர் ஆளை அனுப்புங்க.
* டிரைவர்: சரிவில் நிறுத்தினா சக்கரத்துக்குக் கட்டை போடாம இறங்காதீங்க. வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தர்ற பிரதமரின் சுரக்‌ஷா பீமா காப்பீடு பேங்க்லயே கிடைக்கும். வயது 18 முதல் 70 வரை சேரலாம். இ-ஷ்ரம் பதிவையும் முடிச்சு வைங்க. ஏஜென்சியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரா இருந்தா, அடுத்தவர் கடையில் அடிபட்டாலும் அது வேலையின்போது நடந்த விபத்துதான். நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. அதனால் சம்பளம் வந்த ஆதாரத்தைப் பத்திரமா வைங்க.
* பேரூராட்சி, போலீஸ், வியாபாரிகள் சங்கம்: சீசன்ல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சரக்கு இறக்க ஒரு நேரம், அதுக்குன்னு ஒரு இடம். ஒரு மீட்டிங் போட்டாலே முடிவாகிற விஷயம்.

இதை வாசிக்கிற பலரோட அப்பாவோ அண்ணனோ இந்த வண்டியைத்தான் ஓட்டிக்கிட்டிருப்பாங்க. சிலர் நீங்களே ஓட்டுறவங்களா இருக்கலாம். மத்தவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பஜாருக்குள்ள ஒரு லோடு வண்டி ரிவர்ஸ் எடுத்தா, அதுக்கும் சுவருக்கும் நடுவுல பைக்கை நுழைக்காம அரை நிமிஷம் நில்லுங்க. உங்களை அவரால பார்க்க முடியாது. ஏதாவது ஆச்சுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறது நீங்க, ஸ்டேஷனுக்குப் போறது அவர்.