பயிற்சியாளரை மாற்றினால் பந்து உருண்டுவிடுமா?

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் நடந்த ஆட்டத்தில் இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. வங்கதேசத்திடம் இந்தியா தோற்பது இருபத்திரண்டு ஆண்டுகளில் இதுவே முதல்முறை. 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பு அதற்கு முன்பே, அக்டோபர் 14 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றபோது பறிபோயிருந்தது. ஆகஸ்ட் முதல் நாளில்தான் பொறுப்பேற்ற பயிற்சியாளர் காலித் ஜமீலை நீக்கவேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு “கடைசியில் ஓர் இந்தியருக்கு வாய்ப்பளித்தார்கள்” என்று கொண்டாடியவர்களில் ஒரு பகுதியினரே அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர்.

இந்தக் கோபத்தை எடைபோட மைசூரின் வரலாறு உதவும். இந்தியக் கால்பந்தில் ‘மைசூர்’ என்பது ஒரு காலத்தில் எதிரணிகளை அச்சுறுத்திய பெயர். 1973இல் கர்நாடகம் என்று பெயர் மாறும் முன்பே, அம்மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. ரோவர்ஸ் கோப்பையை 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி கைப்பற்றியது. சுதந்திர இந்தியா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடியபோது, நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களமிறங்கினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அகமது கானும் அதே மண்ணிலிருந்து வந்தவர்.

இவர்கள் யாரும் ஒரு தனிப் பயிற்சியாளரின் மந்திரத்தால் உருவானவர்கள் அல்லர். பாளையப் பகுதியின் திறந்த திடல்களும் உழைக்கும் மக்களின் குடியிருப்புகளும் ராணுவப் பிரிவுகளின் அணிகளும் அவர்களை வளர்த்தன. பின்னர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. ஆடத் தெரிந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தது. காயம்பட்டாலும் அடுப்பெரியும் என்ற உறுதி இருந்தது. ஆட்டத்தை நம்பி வாழ்க்கையைப் பணயம் வைக்கும் துணிவு அந்த உறுதியிலிருந்தே பிறந்தது.

தேசிய அணியின் பொற்காலமும் இதையே சொல்கிறது. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் 1950 முதல் 1963 வரை அணியைப் பயிற்றுவித்தார். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் ஆகியவை அவர் காலத்துச் சாதனைகள். ரஹீமின் மேதைமையை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் அந்த மேதைமைக்குப் பதின்மூன்று ஆண்டுக்கால அவகாசமும், வீரர்களை ஓயாது அனுப்பிக்கொண்டிருந்த மாநில, நிறுவன அணிகளும் கிடைத்தன என்பதை மறந்துவிடலாகாது.

காலித் ஜமீலும் அந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவரே. அவர் ஆடிய அணிகளில் ஒன்று ஏர் இந்தியா. உரிம விதிகளைக் காட்டி 2013இல் ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. ஆகிய பொதுத்துறை அணிகள் ஐ-லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. 2022இல் ஏர் இந்தியா நிறுவனமே டாட்டாவின் கைக்குப் போனது. பயிற்சியாளராக ஜமீல் செய்தவை சிறியவை அல்ல. 2016-17 ஐ-லீக் பட்டத்தை, பெரிய முதலீடு ஏதுமில்லாத மிசோரமின் ஐஸ்வால் அணிக்குப் பெற்றுத் தந்தார். இருப்பதைக் கொண்டு ஆகக்கூடியதைச் செய்பவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ஆனால் 2025இல் அவர் கையில் இருந்தது என்ன?

2010இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தனது வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு விற்றது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய்க்கு இந்திய உயர்மட்டக் கால்பந்தின் கடிவாளம் ரிலையன்ஸ் குழும நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் நாள் முடிந்தது. புதிய ஒப்பந்தம் ஏற்படாததால் 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. புதிய ஒப்பந்தப்புள்ளிக்கான கெடு முடிந்த நவம்பர் 7 அன்று ஒரு நிறுவனம்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. லீக்கை நடத்துங்கள் என்று வீரர்களே கூட்டாக வேண்டுகோள் விடுக்கும் நிலை வந்தது. லாபம் கிடைத்தவரை சந்தை ஆட்டத்தை நடத்தியது. கணக்கு உதைத்ததும் நடுக்களத்தில் விட்டுச் சென்றது.

லீக் இல்லாத நாட்டில் தேசிய அணி எங்கிருந்து உடல்தகுதி பெறும்? ஒரு ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிடம் ஓடும் திறனை வாரந்தோறும் நடக்கும் போட்டிகளில்தான் பெறுகிறார். சில நாள் முகாம் அதை ஈடுசெய்யாது. ஆகஸ்டில் பெங்களூரில் நடந்த ஜமீலின் முதல் முகாமுக்கு மோகன் பாகான் அணி தன் வீரர்களை அனுப்பவில்லை. இத்தகைய சூழலில் தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசியக் கோப்பையில் ஓமனைப் பெனால்டி முறையில் வென்று இந்தியா மூன்றாம் இடம் பெற்றது. அந்த வெற்றி ஊக்கம் தரக்கூடியதே. அதையே மறுமலர்ச்சி என்று கூவியவர்கள், ஏமாற்றத்துக்கான விதையை அன்றே ஊன்றிவிட்டனர்.

டாக்காவில் இந்தியா தோற்ற அதே நவம்பர் 18 அன்று, சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் மட்டுமே வாழும் குராசாவ் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. “அவர்களால் முடிகிறது, 140 கோடிப் பேரால் முடியாதா?” என்ற கேள்வி உடனே எழுகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் குராசாவ் வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அந்நாட்டுக் கிளப்புகளின் சிறுவர் பிரிவுகளில் பயின்றவர்கள். முதல்முறையாக உலகக் கோப்பைக்குச் செல்லும் உஸ்பெகிஸ்தான், உள்நாட்டுப் பயிற்சியாளரான திமுர் கபாட்சேயின் பொறுப்பில்தான் 2025 ஜூனில் தகுதி பெற்றது. ஆனால் அந்நாடு 2023இல் இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையையும், 2025இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையையும் வென்றிருந்தது. கீழே வேர் பிடித்த பிறகே மேலே காய் காய்த்தது. எத்தனை பேர் பிறந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் முறையாக ஆட வாய்ப்புப் பெற்றார்கள் என்பதே கால்பந்தில் கணக்கு.

அப்படியானால் ஜமீலிடம் எதையும் கேட்கக்கூடாதா? கேட்கவேண்டும். ஃபட்டோர்டாவில் முதல் கோலை அடித்துவிட்டுச் சொந்த மண்ணில் தோற்றதற்கு அவர் விளக்கம் கூறக் கடமைப்பட்டவர். தற்காப்பில் ஒழுங்கு, அண்டை நாடுகளை வெல்லும் திறன், புகழைப் பாராது தற்போதைய ஆட்டத்தை வைத்து வீரர்களைத் தேர்தல், ஐ-லீக்கிலும் திறமையைத் தேடுதல் ஆகியவற்றை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயம். சர்வதேச ஆட்டத்திலிருந்து 2024 ஜூனில் விடைபெற்ற சுனில் சேத்ரியை நாற்பது வயதில் மீண்டும் அழைக்க நேர்ந்த நாடு, அடுத்த முன்கள வீரரை வளர்க்கும் பணியை இனியும் தள்ளிப்போட முடியாது. 2025 நவம்பரில் உலகத் தரவரிசையில் 142ஆம் இடத்துக்குச் சரிந்த அணி இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஏறினால் அதுவே நல்ல அறுவடை. அதற்கு மேல் எதிர்பார்த்தால், ஓராண்டு கழித்து இன்னொரு பயிற்சியாளரின் தலையைக் கேட்பதில்தான் போய் முடியும். ஸ்டிமாச் போனார், மனோலோ மார்க்கேஸ் போனார். சம்மேளனத்தின் நடைமுறை மட்டும் போகவில்லை.

பெரிய கேள்விகள் சம்மேளனத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் உரியவை. 2047இல் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாவோம் என்று 2023இல் திட்ட ஆவணம் வெளியிட்ட சம்மேளனத்தால் 2025இன் லீக்கைத் தொடங்க முடியவில்லை. உறுதியான ஆட்ட நாட்காட்டி, மேலேறவும் கீழிறங்கவும் வழியுள்ள லீக் அமைப்பு, மாவட்ட அளவிலான சிறுவர் போட்டிகள், பொதுத்துறையில் விளையாட்டு வீரர்களுக்கு நிரந்தர வேலை ஆகிய கோரிக்கைகளே இன்று முன்னுக்கு வரவேண்டும்.

மைசூரு அசோகபுரத்தில் ஒரு ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் பன்னிரண்டு வயது மகள் பந்தை நன்றாக உதைக்கிறாள் என்று கொள்வோம். அவள் நாட்டுக்காக ஆட என்ன வழி? கட்டணம் கட்டினால் தனியார் பயிற்சிக்கூடம் உண்டு. கட்டமுடியாவிட்டால் அவளது ஆட்டம் தெருவோடு நின்றுவிடும். மைசூரின் பெயரைத் தாங்கி நான்கு கோப்பைகள் வென்ற மாநிலம், ஐந்தாவதற்கு 54 ஆண்டுகள் காத்திருந்தது. 2023 மார்ச்சில் மேகாலயாவை 3-2 என்று வென்று அது வந்தபோது, நம் மாநிலங்களுக்கிடையிலான அந்த இறுதியாட்டம் சவுதி அரேபியாவின் ரியாத்தில் நடத்தப்பட்டது. ஆட்டத்தை அதன் மக்களிடமிருந்து எவ்வளவு தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே தோழர்கள், தோல்வி நேர்ந்த மறுநாள் பயிற்சியாளரைத் திட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிடாமல், தம் ஊரில் திடல் இருக்கிறதா, அது யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கவேண்டும். பறிக்கப்பட்ட திடலை மீட்பதும், பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டுப் போராடுவதும் வாலிபர், மாணவர் அமைப்புகளின் அன்றாட வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஜமீலின் வேலை பதினொரு பேரைக் களமிறக்குவது. அந்தப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கப் பல லட்சம் பிள்ளைகள் ஆடுகின்ற நாட்டை அவருக்குத் தருவது மற்ற அனைவரின் வேலை.