பம்பு பழகிவிடுமா?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எங்கே வீசிங் என்று பேச்சு எழுந்தாலும் கூடவே ஓர் எச்சரிக்கை வரும்: "பம்பு எடுக்காதே, அது ஸ்டீராய்டு, பழகிவிடும்." அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அது உயிருக்கே உலை வைக்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40 விழுக்காட்டுக்கு மேல் இங்கே நேர்கின்றன. தினமும் பம்பில் (இன்ஹேலரில்) உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு மருந்தை மிகச் சிலரே எடுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பம்பை ஒதுக்குபவர் ஸ்டீராய்டிலிருந்து தப்புவதில்லை. இழுப்பு முற்றியதும் அவருக்குக் கொடுக்கப்படுவது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை: பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், ஐந்து முதல் ஏழு நாள். புடசோனைடு என்ற ஸ்டீராய்டு உள்ள பம்பில் ஒரு நாளைக்குப் போவது 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். எடைக்கு எடை புடசோனைடு வீரியம் கூடியதுதான். ஆனால் அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது; தொண்டையில் தங்கி விழுங்கப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்கிறது. மாத்திரையோ எலும்பு, கண், சர்க்கரை என உடம்பு முழுக்கப் பாய்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இழுப்பு வந்தால் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

"பிள்ளை வளராது" என்ற அச்சத்தில் உண்மையின் துளி உண்டு, அதை மறைக்கக் கூடாது. வட அமெரிக்காவில் புடசோனைடு எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது: உயரக் குறைவு சராசரியாக 1.2 சென்டிமீட்டர். மூச்சுக்குத் திணறிப் பள்ளியும் தூக்கமும் இழக்கும் பிள்ளைக்கு இது பெரிய விலையா? பழகிவிடும் என்பதோ தவறு. மருந்தை நிறுத்தினால் இரைப்பு திரும்புவது, மூச்சுக்குழாயின் அழற்சி உள்ளே கிடப்பதால்தான். நோய் அடங்கியபின் மருத்துவர் அளவைக் குறைக்கலாம். உண்மையில் அஞ்ச வேண்டியது உடனே ஆறுதல் தரும் சால்புடமாலை மட்டும் நம்புவதற்கு. உலக ஆஸ்துமா வழிகாட்டி அந்த முறையை 2019இலேயே கைவிட்டது.

"எந்த மருந்து உசத்தி?" என்று டப்பாவின் எண்ணைப் பார்த்துக் கேட்பவர்களும் உண்டு. ஃப்ளூட்டிகசோன் 250, புடசோனைடு 400 என்பதால் முன்னது குறைவானது என்று ஆகாது. ஒரு நாளின் மொத்த மைக்ரோகிராமாகப் பார்த்தால், இரண்டும் பெரியவர்களுக்குக் குறைந்த அளவின் மேல் எல்லையே. 1972இல் வந்த பெக்லோமெத்தசோன் உட்பட, சமமான அளவில் இவற்றின் பலனில் பெரிய வேறுபாடில்லை. பெரும்பாலோர்க்குக் குறைந்த அளவே போதும். கூட்டக் கூட்டப் பக்கவிளைவுதான் கூடும். பெயரைவிட உறிஞ்சும் முறையே பெரிது: பம்பை அழுத்தும் அதே நேரத்தில் மெதுவாக இழுத்து, பத்து நொடி மூச்சடக்கி, பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெண்படலம் வரலாம், குரல் கம்மலாம். கேப்சூலில் பொடி எடுப்பவர்கள், கடலோர ஈரப்பதத்தில் அது கட்டிக்கொள்ளாதபடி உறையை அந்த நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் "பம்பு போட்டும் குறையவில்லையே" என்று யாராவது சொன்னால் அதையும் தள்ளிவிட முடியாது. கருங்கல் தூசு நுரையீரலில் படிந்து தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் வேறு நோய். அந்தத் தழும்பை எந்தப் பம்பும் கரைக்காது. எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்தால்தான் எது எதுவென்று தெரியும். கல்லை நனைத்து அறுப்பதும், தூசு உறிஞ்சும் கருவியும், சரியான முகக்கவசமும்தான் அங்கே முதல் மருந்து. கூடவே ஆஸ்துமாவும் இருப்பவருக்குப் பம்பும் வேண்டும்.