கண் சரியாகும்வரை பாடம் காத்திருக்க வேண்டுமா?

பார்வைக் கோளாறு உள்ள பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோரில் பலர், அதை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கரும்பலகை தெரியவில்லை, வகுப்பில் கேலி, உள்ளூர் மருத்துவர் மதுரைக்கோ சென்னைக்கோ போகச் சொல்லி எழுதிக்கொடுத்த சீட்டு, அங்கே மாதக்கணக்கில் நீளும் பரிசோதனைகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன. ‘முதலில் கண் சரியாகட்டும், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வது அக்கறையோடு சொல்வதுதான். ஆனால், அந்த ஒரு வாக்கியத்தில்தான் பிள்ளையின் ஓராண்டோ ஈராண்டோ போய்விடுகிறது. சிகிச்சையையும் கல்வியையும் ஒன்று முடிந்த பின் மற்றொன்று என வரிசையில் நிறுத்தக் கூடாது என்பதற்கு மருத்துவ ஆய்வுகளே போதுமான ஆதாரம் தருகின்றன.

கண் பரிசோதனை எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆறு மீட்டர் தொலைவில் தொங்கும் அட்டையைப் படித்து 6/6 வாங்கிய பிள்ளை, முப்பது சென்டிமீட்டர் தொலைவில் உள்ள புத்தகத்தை அரை மணி நேரம் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அருகில் பார்க்கும்போது இரு கண்களும் ஒருசேர உள்நோக்கித் திரும்ப வேண்டும். அப்படிச் சேராதபோது எழுத்து இரட்டிக்கும், வரி நழுவும், தலை வலிக்கும். 2017இல் வெளியான ‘பேண்ட்’ (BAND) என்ற ஆய்வு, தமிழ்நாட்டின் நகர, கிராமப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு இவ்வாறு இரு கண்களும் இணைந்து செயல்படுவதிலோ குவியத்தை மாற்றுவதிலோ ஏதோ ஒரு கோளாறு இருப்பதாகக் கண்டது. இன்னொரு வகை, மூளைசார் பார்வைக் குறை. குறைமாதப் பிறப்பாலோ பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத் திணறலாலோ மூளையின் பார்வைப் பகுதிகள் பாதிக்கப்பட்ட இப்பிள்ளைகளின் கண்கள் நன்றாகவே இருக்கலாம். தனியாக எழுதிய ஒரு சொல்லைப் படித்துவிடுவார்கள். நெருக்கி அச்சிட்ட பக்கத்தில் அதே சொல்லைத் தேடித் தோற்பார்கள். காலையில் படித்ததை மாலையில் படிக்க முடியாமல் போகும். இதைச் சோம்பல் என்றும் அடம் என்றும் பெயரிட்டு அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

இந்த இடத்தில் பெற்றோர் தவறான மறுமுனைக்கும் போய்விடக் கூடும்: படிக்கத் திணறுவதற்கெல்லாம் கண்தான் காரணம், கண் பயிற்சி முடிந்தால் படிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கை அது. அதை விற்கும் மையங்களுக்கும் குறைவில்லை. அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், மருத்துவமனையில் நிபுணர் மேற்பார்வையில் 12 வாரம் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதத்தினருக்குக் கண்கள் சேராத குறை சீரானது அல்லது கணிசமாகத் தேறியது. வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பயிற்சி செய்தவர்களில் அது 43 சதவீதம்தான். ஆகவே, பயிற்சி கண்ணுக்கு உதவுகிறது, வீட்டுப் பயிற்சி மட்டும் போதாது. ஆனால், 311 பிள்ளைகளிடம் நடந்து 2019இல் வெளிவந்த தொடர் சோதனை இன்னொன்றையும் சொன்னது: பயிற்சி பெற்றவர்களின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட பாவனைப் பயிற்சி பெற்றவர்களைவிட மேம்படவில்லை. கண் தேறிய பிறகும் வாசிப்பை யாராவது கற்றுத்தர வேண்டியிருக்கிறது. அந்த வேலையை ஏன் இன்றைக்கே தொடங்கக் கூடாது?

சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்பதல்ல இதன் பொருள். ஒரு கண்ணின் பார்வை மட்டும் சரியாக வளராமல் பின்தங்கும் ‘சோம்பல் கண்’ணுக்கு வயது முக்கியம். ஏழு வயதுக்குப் பிறகும் பலருக்குப் பலன் கிடைக்கிறது என்றாலும் முன்கூட்டியே தொடங்குவதுதான் நல்லது. இதில் வீடு, சிகிச்சைக்கே துணையாகிறது. குறை மிதமாக உள்ள, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல கண்ணை நாளுக்கு இரண்டு மணி நேரம் மூடுவது, ஆறு மணி நேரம் மூடுவதற்கு இணையான பலன் தந்ததாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் கண்ணை மூடியிருந்தபோது தினமும் ஒரு மணி நேரம் அருகில் பார்க்கும் வேலை தரப்பட்டது. வண்ணம் தீட்டுவதும் எழுத்துக் கூட்டுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அந்த நேரத்தில் என்ன பாடம் என்பதை அம்மா முடிவு செய்யலாம். அதேபோல், பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து போட்டால் கிட்டப் பார்வை ஒரு வாரத்துக்கு மேலும் மங்கியிருக்கும். அந்த நாட்களுக்கு வாய்க்கணக்கு, கதை கேட்டுத் திரும்பச் சொல்லுதல், பாட்டு என்று பாடத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாற்பது பேர் உள்ள வகுப்புக்குக் கிடையாது.

தமிழ் எழுத்தைக் கற்பிக்கையில் இந்த வசதி இன்னும் கூடுதலாகப் பயன்படும். ‘ப’வையும் ‘ப்’பையும் பிரிப்பது ஒரு புள்ளி, ‘கெ’, ‘கே’ இரண்டையும் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. ‘ன’, ‘ண’ வேறுபாடும் ஒரு சுழிதான். மங்கலாகப் பார்க்கும் பிள்ளை இவற்றைத் தவறவிட்டால், அதை எழுத்துப் பிழை என்று திருத்திப் பயனில்லை. பெரிய எழுத்தில், வரிக்கு நான்கைந்து சொற்களாக, மினுமினுக்காத தாளில், சாய்வுப் பலகை மேல் வைத்துப் பார்த்தால் பிழை குறைகிறதா என்று சோதிக்க வேண்டும். குறைந்தால் அந்தத் தகவலைக் குறித்துவைத்து மருத்துவரிடமும் காட்டலாம்.

‘கிட்டத்தில் வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடாதா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். வளரும் பிள்ளைகளிடம் நீண்ட நேரம் அருகில் பார்க்கும் வேலைக்கும், தொலைவில் உள்ளவை மங்கும் கிட்டப்பார்வைக் குறைக்கும் தொடர்பு உண்டு, மறுப்பதற்கில்லை. வெளியில் விளையாட விடுவது அந்தக் குறையைத் தடுக்க உதவும். ஆனால், குறைப் பார்வை உள்ள பிள்ளை புத்தகத்தை 30 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவரும்போது எழுத்து அதன் கண்ணில் இரு மடங்காகிறது. அதற்குத் தெரிந்த ஒரே பூதக்கண்ணாடி அதுதான்.

இதைவிட வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பரிசோதனைக் குழுக்கள் வருகின்றன. வீட்டில் இருக்கும் பிள்ளை அந்த வலையிலிருந்து விழுந்துவிடுகிறது. நிறம் மாறிய கருமணியையும் ஓடும்போது தடுமாறுவதையும் கவனித்துச் சொல்ல ஆசிரியரும் இல்லை. சேர்ந்து விளையாடத் தோழர்களும் குறைவு. இவை உண்மையான இழப்புகள். அதனால்தான் வீட்டுக் கல்வி பள்ளியோடு தொடர்பு அறுந்ததாக இருக்கக் கூடாது. பதிவேட்டில் பெயர் இருக்கட்டும், முடிந்த நாட்களில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டுவழிக் கல்வியைத் தேர்வு செய்யும் உரிமையைத் தீவிரமான அல்லது பல குறைபாடுகள் உள்ள பிள்ளைகளுக்குத் தந்திருக்கிறது. மற்றவர்கள் தாமாகவே நின்றுகொள்கிறார்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்கும் அவர்களைப் பற்றித் தெரிய வழியில்லை.

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் குறையைத் தெளிவு, பார்வைப் புலம் என்ற இரண்டால் மட்டுமே வரையறுக்கிறது: கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் 6/18க்குக் கீழ், அல்லது புலம் 40 பாகைக்குக் குறைவு. இலவச நூல்களும் உபகரணங்களும் 40 சதவீதச் சான்றிதழோடு கட்டுண்டவை. 6/9 தெளிவோடு மூளைசார் பார்வைக் குறை உள்ள பிள்ளை, நெருக்கமான பக்கத்தைப் படிக்க முடியாமலேயே சட்டத்தின் கண்ணில் குறையற்றதாகிவிடுகிறது. வரையறை திருத்தப்பட ஆண்டுகள் ஆகலாம். அதுவரை செலவில்லாத ஒரு மாற்றம் கண் மருத்துவமனைகளின் கையிலேயே இருக்கிறது. கண்ணாடிப் பவர் எழுதும் சீட்டின் அடியிலேயே, இந்தப் பிள்ளை எந்த அளவு எழுத்தை, எவ்வளவு தொலைவில், எத்தனை நிமிடம் களைப்பின்றிப் படிக்கிறது என்று எழுதித் தரலாம். அதன் ஒரு பிரதி பள்ளிக்கும் வட்டார வள மையத்துக்கும் போகலாம். குறைப் பார்வைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் இதை அளக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பும்போது, அந்த ஆறு மாதத்துக்கான பாடமும் அந்தச் சீட்டிலிருந்தே தொடங்கும்.